அலுமாரிக்குள் சாமி இல்லை

அனுப்புநர்:
திருமதி அருந்ததி நாகேந்திரம்,
செயலாளர், மாதர் தொண்டர் சபை,
ஒழுங்கைப் பிள்ளையார் கோயில்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வீதித்தடை அகற்றும் பிரிவு,
ஒருகொடவத்தை.

பொருள்: அனுமதியற்ற வழிபாட்டுத் தலம் எனக் கருதி அகற்றப்பட்ட அலுமாரியை எதிர்வரும் வியாழனுக்கு முன் திறந்து தருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மாதம் மூன்றாம் திகதி எங்கள் கோயில் ஒழுங்கையின் நடைபாதையிலிருந்து தங்கள் ஊழியர்கள் ஏற்றிச் சென்ற ஆறரை அடித் தேக்கு அலுமாரி தொடர்பாக இதை எழுதுகிறேன். தங்கள் அறிவித்தலில் அது "அனுமதியின்றி நிறுவப்பட்ட சிறு ஆலயம்" எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதற்குள் இருப்பவை சட்டைகள், காற்சட்டைகள், சேலைகள் மற்றும் நான்கு சோடிச் சப்பாத்துகள்.

2. எங்கள் சபை அயலிலுள்ள கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு கொடுத்து வந்த சபை. இப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் நாங்களே கொடுக்க வேண்டி வரும் என்று ஒரு கூட்டத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே கதைத்துவிட்டேன். அதன் விளைவுதான் இந்த அலுமாரி. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இதிலிருந்து உடுப்பு எடுத்துப் போகலாம். தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, திருப்பி வைக்க வேண்டும். எந்தச் சமயம் என்று கேட்பதில்லை, இடுப்பளவு மட்டும் கேட்போம். அலுமாரியை அன்பளிப்புச் செய்தவர் தளபாடக் கடை மக்கீன் ஹாஜியார். சப்பாத்துகளுக்குப் பொலிஷ் போடுபவர் தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த டெனிஷா.

3. அலுமாரியின் கீழ்த்தட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெருமழை பெய்தால் கட்டில் வரை தண்ணீர் ஏறும் வீடுகளில் வசிக்கும் பதினான்கு பிள்ளைகள், தங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களையும் எங்களை நம்பி அங்கே வைத்திருக்கிறார்கள். அத்தனையும் மூலப் பிரதிகள்.

4. இனி, அது எப்படிச் சாமியாயிற்று என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அலுமாரி நிற்கும் கோயில் மண்டபத்துக்குப் பெயின்ற் அடிப்பதற்காக அலுமாரியை இரண்டு நாளைக்கென்று வெளியே வைத்தோம். அந்த நேரம் பார்த்து ஆயுத பூசை வந்தது. தையல் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சந்தனம் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேலை எடுத்துக் கொடுக்கும் அலுமாரியைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. சந்தனம், குங்குமம் வைத்தேன். மாலையும் போட்டேன். மறுநாட் காலை ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிட்டார். மத்தியானம் யாரோ மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். பின்னேரம் ஒரு தாய், மகனுடைய வேலை விண்ணப்பத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுச் சுற்றிக் கும்பிடப் பார்த்தார். பின்னால் சுவர் என்றபடியால் பாதியில் திரும்பி வந்தார். பெயின்ற் அடிப்பவர் சொன்ன நாளில் முடித்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. தங்கள் ஊழியர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அலுமாரியைத் தூக்கினார்கள்.

5. தங்கள் களஞ்சியத்துக்கு மூன்று தடவை வந்துவிட்டேன். அங்கே அலுமாரிக்கு முன்னால் விளக்கு எரிகிறது. திறக்க ஒருவரும் ஆயத்தமில்லை; சாவி கொண்டுபோன என்னையும், பாரமெடுத்த பொருளை வெளியார் தொடக்கூடாது என்று விடவில்லை. எழுதுவினைஞர் உமாசுதன் கைகட்டி நின்று எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அன்ரி, எனக்கு இந்த வேலையைத் தந்ததே அந்த அலுமாரிதான். நான் அதிலை கை வைக்க மாட்டன். வேணுமெண்டால் ஐயரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அவர் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் அலுமாரியிலிருந்த நீலக் கோடுகள் உள்ள சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தங்கள் நேர்முகப் பரீட்சைக்கு வந்தார். ஐயரையும் கேட்டேன். பிரதிட்டை செய்யாத சாமியை எழுப்பி அனுப்பத் தனக்கு மந்திரம் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். உமாசுதன் நல்ல பிள்ளை. அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

6. நான் அவசரப்படுவதற்குக் காரணம், அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியான நிருஷா. வயது இருபத்து மூன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பன் முதுகு பழுதாகி இரண்டு வருடமாகப் படுக்கையில். தாய் இடியப்பம் அவித்து விற்கிறார். எதிர்வரும் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு தனியார் வைத்தியசாலையில் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூலச் சான்றிதழ் இல்லாதவர்கள் உள்ளே எடுக்கப்பட மாட்டார்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் உள்ளது. சேலை என்னுடையதைக் கொடுப்பேன், சப்பாத்தை டெனிஷா கொடுப்பார். சான்றிதழை யார் இரவல் கொடுப்பது? இதற்கு முன் நான்கு இடங்களில் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு தடவையும் அழாமல் வந்து சேலையை மடித்து வைத்துவிட்டுப் போன பிள்ளை. இந்த முறை வாசலிலிருந்தே திரும்பி வந்தாள் என்றால் அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியாது. ஐயா, மாலை போட்டது நான், தண்டனை அவளுக்கு.

7. ஆகவே, முப்பத்தொரு வருடங்களாக வெள்ளி விரதம் விடாத நான், கோயில் முத்திரையிட்டு இத்தால் உறுதிப்படுத்துவதாவது: மேற்படி அலுமாரிக்குள் எந்தத் தெய்வமும் எழுந்தருளியிருக்கவில்லை. இதை எழுதியதற்குப் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். இந்த உறுதிமொழியை உமாசுதனுக்கு வாசித்துக் காட்டி, புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் கீழ்த்தட்டையாவது திறந்துவிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நடைபாதையை மறித்ததற்கான தண்டனை எதுவானாலும் சபை பிறகு ஏற்றுக்கொள்ளும்.

உள்ளே ஒருவரும் இல்லை என்று கையெழுத்து வைத்துவிட்டேன். வியாழக்கிழமை நிருஷாவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால், இக்கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள நானே நேரில் வருவேன்.

இணைப்பு: அழைப்புக் கடிதப் பிரதி ஒன்று, அலுமாரிச் சாவி ஒன்று.

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 13.10.2025

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அருந்ததி நாகேந்திரம்