மூன்றாம் ஓலை

பூந்தமல்லி,
18-1-1988

அன்புள்ள சாராளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் சுகம். மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கும் நம் திருமண அறிவிப்பில், நேற்று இரண்டாம் ஓலையைப் போதகர் வாசித்தார். "ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்" என்று அவர் நிறுத்திய மௌனத்தில், உன் பெயரும் என் பெயரும் ஆலயக் கூரையடியில் புறாக்களோடு மிதந்துகொண்டிருந்தன.

இனி, வெள்ளிக்கிழமை மின்சார ரயிலில் நடந்தது. உன்னால் மணிக்கட்டு முறிந்தவன் புகார் கொடுத்திருக்கிறான். தற்காப்பு உரிமையைச் சட்டம் அளிக்கிறது. தேவைக்கு மிஞ்சிய பலத்தை அது ஏற்பதில்லை. கராத்தே கற்பிக்கும் ஒருத்திக்கு எவ்வளவு தேவை என்பது சிக்கலான கேள்வி. ஆகவே, ரயில் குலுங்கியது, அவன் விழுந்தான் என்று மட்டும் வாக்குமூலம் கொடு. திருமணம் முடியும் வரை வகுப்பையும் நிறுத்திவை. உன் பாதுகாப்பு கருதியே சொல்கிறேன்.

அன்புடன்,
பால்ராஜ்

ஆவடி,
20-1-1988

அன்புள்ள அத்தான்,

கடிதம் கிடைத்தது. ஓலையைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்று அவன் கை என் மாணவி பத்மாவின் இடுப்பில் இருந்தது. "கைய எடு அண்ணாத்தே" என்றேன். "இன்னாமே, உன்னியா தொட்டேன்? கம்முனு கெட" என்று சிரித்தான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாவுக்கு நகர இடமில்லை. பிறகுதான் அவன் கையைப் பிடித்து முறுக்கினேன்.

ரயில் குலுங்கி அவன் விழுந்தான் என்றால், பத்மாவை யாரும் தொடவில்லை என்றும் ஆகிவிடாதா? "அக்கா, நானும் அப்டித்தான் சொல்லணுமா?" என்று கேட்கிறாள்.

மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கும்படி போதகரிடம் சொல்லிவிட்டேன். ஆட்சேபம் எனக்குத்தான். சனிக்கிழமை விடியற்காலை வகுப்பு வழக்கம்போல் உண்டு.

சாராள்

பூந்தமல்லி,
25-1-1988

அன்புள்ள சாராளுக்கு,

சனிக்கிழமை உன் வகுப்பு நடக்கும் குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது, தண்ணீர்த் தொட்டியின் சுவருக்குப் பின்னால் நின்றேன். பனி இறங்கியிருந்தது. வெள்ளை உடைகள் தெரிந்தன, கால்கள் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் தரையில் படாமல் நகர்வதாகத் தோன்றியது. ஒரே குரலாகக் கத்தியபோது பனி விலகி, மீண்டும் மூடிக்கொண்டது.

தனியாகக் கத்த பத்மாவின் முறை வந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நீ காத்திருந்தாய். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் வந்த அந்தக் குரலை, நான் சொன்ன வாக்குமூலத்தில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். இடமில்லை.

இன்று அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றேன். நடந்ததை நடந்தபடியே புகாராக அளித்தோம். அதில் ரயில் குலுங்கவில்லை. நீ முறுக்கியதும் இருக்கிறது. வழக்கின் முடிவுக்கு நான் உறுதி கூற இயலாது. உன் பக்கத்தில் நிற்பேன் என்பதற்கு உறுதி கூறலாம்.

உன் ஆட்சேபம் இன்னும் நிற்கிறதா?

பால்ராஜ்

ஆவடி,
27-1-1988

அன்புள்ள அத்தான்,

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டேன்.

சுவருக்குப் பின்னால் மடக்கிய குடையோடு நின்றவரை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று அறிவதுதான் எங்கள் முதல் பாடம். "அக்கா, மாமா பனியில நனைஞ்சிகினு நிக்கிறாரு, கூப்டட்டா?" என்று பத்மாகூடக் கேட்டாள். "தானா வரட்டும்டி" என்றேன்.

வரும் சனிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். மண் சில்லென்றிருக்கும்.

உங்கள்
சாராள்