வாசற்படியில் ஒரு ஜோடி பூட்ஸ்

மரீபா,
ஜூலை 9

அன்புள்ள கிளென்,

நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போவதாயில்லை. வண்டிதான் படுத்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் பஞ்சுபோல் உள்ளே போகிறது. வீட்டை விற்று வாங்கிய வண்டி, படுக்கை, அடுப்பு எல்லாம் அதற்குள்தான்; எனக்கு வேறு வீடு ஏது? மலையிறங்கிக் கடற்கரைக்குப் போகவேண்டியவள் ஆறு நாளாக, வீட்டுவண்டிக்காரர்கள் தங்கும் இந்த கேரவன் பார்க்கிலேயே கிடக்கிறேன்.

போன ஊரில் ஒரு பட்டறையில் தனியாகப் போய் நின்றேன். பிரேக் கட்டையை மாற்றிவிட்டதாக ஒருவன் துணிந்து பொய் சொன்னான். அதனால் இங்கே, சாயங்காலம் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பீர் குடிக்கக் கூடும் இடத்தில் நல்ல மெக்கானிக் யார் என்று விசாரித்தேன். ஆறு பேர் ஆறு பெயர் சொன்னார்கள். நானே ஊரைச் சுற்றினேன். டீனோ என்பவனின் ஷெட்டில் பள்ளிக்கூடப் பேருந்து நின்றது. பிள்ளைகள் போகும் வண்டியையே இவனிடம் விடுகிறார்களே என்று அவனை வரச்சொன்னேன்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. உன் அப்பாவின் பூட்ஸை எப்போதும் வண்டிப் படியில் போட்டுவைக்கிறேன். தனியாகச் சுற்றும் பெண்கள் பலரும் செய்வதுதான். உள்ளே ஒரு ஆம்பளை இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நேற்றுக் காலை டீனோ வந்தான். பூட்ஸைப் பார்த்துவிட்டு அவர் எங்கே என்று கேட்டான். தூங்குகிறார் என்றேன். அடியில் படுத்துக் கசிந்த குழாயை மாற்றினான். பழையதைக் கொண்டுவந்து விரிசலைக் காட்டினான். பிறகு, “உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் எழுப்புங்கம்மா. பிரேக்ல காத்து எடுக்கணும். நான் கீழ இருப்பேன், மேல ஒருத்தர் மிதிக்கணும்” என்றான்.

எங்கள் பழைய வண்டிகளுக்கெல்லாம் நாற்பது வருடம் மிதித்தவள் நான்தான். அப்பா கீழே கிடந்து, மிதி, பிடி, விடு என்று கத்துவார்.

“அவர் போயி பதினாலு மாசமாச்சு தம்பி” என்றேன். வெளியாளிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

டீனோ படியைப் பார்த்தான். “சரி, நீங்களே மிதிங்க. பூட்ஸ் அங்கேயே இருக்கட்டும்” என்றான்.

ஏறி உட்கார்ந்தேன். மிதிங்க என்று கீழேயிருந்து குரல் வந்தது. அழுதுகொண்டே மிதித்தேன். இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

நாளை மலையிறங்குகிறேன். வண்டியை விற்றுவிட்டு வந்துவிடு என்று மறுபடி எழுதாதே. அடுத்த விடுமுறையில் நீ ஒரு வாரம் வா. அந்த பூட்ஸ் உன் அளவுதான். தோல் விறைத்துப்போவதற்குள் ஒருமுறை போட்டு நடந்துவிட்டுப் போ, கண்ணா.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா,
நோலீன்