பாலத்துக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இந்தப் புறநகருக்குக் குடிவந்து இன்றோடு இருபது நாள். எல்லா வீடும் ஒரே மாதிரி. நேற்று அடுத்த வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மானம் போயிற்று.

பஸ் மணிக்கு ஒன்றுதான். கணவரை விடியற்காலையிலேயே கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எங்களிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆக, எதற்கெடுத்தாலும் ஓரகத்திதான் கதி. எங்களுக்குப் பத்து வருஷம் முன்பே இந்த நாட்டுக்கு வந்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு.

மார்ச் 7, சனி

கடைக்குக் கூட்டிப்போனாள். கடை எதிர்ச்சாரியில் கண்ணுக்குத் தெரிகிறது. இவளோ பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், பூங்கா எல்லாம் சுற்றிக்கொண்டு போனாள். "உனக்கு ஊரைக் காட்டுறேன்மா" என்றாள். நாலாவது தடவையாகக் காட்டுகிறாள்.

திரும்பும்போது, "உனக்கெல்லாம் இங்க வண்டி ஓட்ட வராது. பயந்த சுபாவம் நீ."

நானா? பதினான்கு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடித்த கை இது.

மார்ச் 18, புதன்

நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நேர்முகம். பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றால் கேட்டால்தானே. "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு பஸ்? ஒன்பது மணிக்குத் தெருமுனைல நில்லு."

மார்ச் 19, வியாழன்

வரவில்லை.

நாற்பது நிமிஷம் நின்றேன். ஒன்பது ஐந்துக்கு பஸ் என் முன்னால் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று கைகாட்டி அனுப்பினேனே — நானே! ஆறு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

சாயங்காலம் வந்து "வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா" என்றாள். அதே வண்டியில் வந்து இறங்கி!

மார்ச் 22, ஞாயிறு

அவள் கணவர் போனில் எனக்கு ஆறுதல் சொல்கிறார். "பரவால்லம்மா, பயமா இருந்தா கட்டாயம் இல்ல." என்ன பயம்? "நீதான் கடைசி நேரத்துல வரமாட்டேன்னு அழுதியாமே?"

நான் அழுதேனாம்!

என் கணவரிடம் சொன்னால், "அண்ணி வேணும்னா பண்ணியிருப்பாங்க? விடேன்." விடுவதா? வேலையும் போச்சு, பேரும் போச்சு. இவளைச் சும்மா விட்டால் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். வலிக்காமல் குத்தத் தெரிந்தவளுக்கு வலிக்கக் குத்தவும் தெரியும்.

ஏப்ரல் 6, திங்கள்

கார் பழக ஆரம்பித்துவிட்டேன். கணவருக்குக்கூடத் தெரியாது. சொல்லிக்கொடுப்பவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கத்தமாட்டார், பெருமூச்சு விடுவார். அதற்குக் கத்தினாலே தேவலை.

மே 14, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

கார் சொல்லிக்கொடுப்பவர் இன்று எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே தாண்டித் திரும்பச் சொன்னார். திரும்பி முடித்ததும் சொன்னார்: இந்தத் திருப்பத்துக்குப் பயந்தே சிலபேர் வருஷக்கணக்கில் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றுவார்களாம். பாலத்துக்கு முன்னால் இருக்கிற ரவுண்டானா பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்களாம்.

பள்ளிக்கூடம். பெட்ரோல் பங்க். பூங்கா.

அடிப் பாவி! பாலம் தாண்டுகிற நாளெல்லாம் அவள் கணவர்தான் ஓட்டுவார், இவள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவாள். தூக்கமா அது?

குடுமி கையில் சிக்கிவிட்டது. இப்போது இழுக்கக் கூடாது. எல்லோரும் இருக்கும்போது இழுக்க வேண்டும்.

ஜூலை 3, வெள்ளி

லைசென்ஸ்! முதல் தடவையிலேயே. கணவர் வாயைப் பிளந்தார். "அண்ணிகிட்ட சொல்லிட்டியா?" சொல்வேன், சொல்வேன்.

ஜூலை 12, ஞாயிறு

ஓரகத்தி வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. லைசென்ஸை மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். "அட்டை கெடச்சா ஆச்சா? பாலத்துல ஓட்டணும்."

அவளாக வந்து மாட்டினாள். "நீங்களே ஓட்டிக் காட்டுங்கக்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரலாம்."

அவள் கணவர், "நல்ல யோசனை, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார். எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

ரவுண்டானா தெரிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டாள். என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

"அன்னைக்கும் இங்கதான் நின்னேன்" என்றாள். "உன்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒருதடவை ஓட்டிப் பாத்துடலாம்னு எட்டு மணிக்கே தனியா வந்தேன். ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுக்க முடியல. நீ போன் அடிக்கிறது கேக்குது, எடுக்க முடியல."

நான் அங்கே தெருமுனையில். இவள் இங்கே.

"அதுக்கு நான் பயந்து அழுதேன்னு சொல்வீங்களா?"

"வண்டி ஓட்டுறவங்கிற மரியாதை ஒண்ணுதாண்டி எனக்கு இங்க."

"அதுக்கு என் வேலைதான் கெடச்சுதா?" கத்திவிட்டேன். அழுகையும் வந்து தொலைத்தது. "வீட்டுக்குப் போனதும் நீங்களே சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இடம் மாறி உட்கார்ந்தோம். பாலத்தில் நான் ஓட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "இவதான் ஓட்டினா. அன்னைக்குப் பயந்ததும் நான்தான், இவ இல்ல." அவள் கணவர் மட்டும், "பத்து வருஷமாவா?" என்றார்.

இனித்தது. பொய் எதற்கு, நன்றாகவே இனித்தது. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 18, சனி

ஆஸ்பத்திரியில் மறுபடி விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். நானே ஓட்டிக்கொண்டு — ஓரகத்தியின் வண்டியில். அவளாகத்தான் கொடுத்தாள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "பாலம் எனக்குக் கத்துக் குடுப்பியா?" என்றாள்.

'உங்களுக்கெல்லாம் வராதுக்கா, பயந்த சுபாவம் நீங்க' — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

நாளைக் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனால் என்ன?

சீ, வேண்டாம். ஐந்து நிமிஷம்.