கறுப்புக்கு அடியில்

கனிஷ்கா சாமிக்கு,

கண்காட்சிக்கு அந்தக் கறுப்புப் படத்தை அனுப்பலைன்னு உனக்குக் கோவம். இருக்கட்டும்.

நான் படம் போடற லட்சணம் உனக்குத் தெரியாததா? தார்ப்பாயைத் தரையில விரிச்சு லாரிப் பெயிண்ட்டை ஊத்துவேன். உருவம் எதுவும் தெரியக்கூடாதுங்கறது என் வீம்பு. உங்கம்மா சோத்துத் தட்டோட ஈரத்துமேலயே நடந்து வந்து, "ஏனுங்க, ஆறிப்போகுதுங்க"ம்பா. நான் சத்தம் போட்டுட்டு, அவ காலடிமேல கறுப்பை ஊத்தி மறைச்சிருவேன்.

அவளுக்குக் காரியம் முடிஞ்சு நீ சென்னைக்குப் போனதுல இருந்து, அந்தக் கறுப்பைப் பிளேடால சொரண்டீட்டு இருக்கறேன். படத்தை எடுத்துட்டுப் போக வந்தவங்க, "என்ன டெக்னிக் சார் இது?"ன்னாங்க. திருப்பி அனுப்பிச்சுட்டேன்.

நேத்து குதிங்கால் தெரிஞ்சுது.

படத்தைக் கேக்காதே சாமி. மெட்டி போட்ட விரலு இன்னும் வரலை.

உன் அப்பன்