சுவரைப் பார்த்துக் குடித்த கஞ்சி

மச்சான்,

அந்த வெள்ளிச் சங்கை இன்று காலையில் மறுபடியும் வெளியே எடுத்தேன். உங்கள் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்ப்பால் போதவில்லை என்று பசும்பாலைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ‘சங்கு எங்கன, சங்கு எங்கன’ என்று பெண்கள் வீட்டையே புரட்டினார்கள். அது என் தகரப்பெட்டியில், வேட்டிக்கு அடியில் இருப்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். திருநீறு போட்டுத் தேய்த்ததும் புதுசு போல ஆகிவிட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மகள் பிறந்தபோது தாய்மாமன் சீராக நான் கொண்டுவந்த சங்குதான் அது. கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, தேவதானப்பட்டியில வெள்ளிக்கு அம்புட்டுப் பஞ்சமா? இது உப்புக் கரண்டிய விடச் சின்னதா இருக்கே” என்றீர்கள். சபையே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அதே சங்கில் நீங்கள் கஞ்சி குடிப்பீர்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவன் பல்லை உடைத்திருப்பீர்கள்.

நீங்கள் நோயில் விழுந்தது ஜப்பான் சண்டைக் காலத்தில். அரிசிக்கு ஆலாய்ப் பறந்தோம். இடது கன்னத்தில், நீங்கள் போயிலை அடக்கும் இடத்தில் வந்த புண் ஆறவே இல்லை. நாட்டு மருந்தெல்லாம் பார்த்து அலுத்த பிறகு பெரியகுளம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தோம். என் ஊர் கிட்ட இருந்ததால் கூட இருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புற்று என்றார் டாக்டர். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. உங்கள் மேல்கைச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

“கத்தி வைக்கிறது நான். தாங்க வேண்டியது அவரு ஒடம்பு. இப்ப வச்சா மேசையிலயே போயிருவாரு. சதை புடிக்கட்டும், வெட்டி எடுத்திரலாம். பொங்கலுக்குள்ள புடிக்கலன்னா புண்ணு கழுத்துக்கு எறங்கிரும். அப்புறம் நான் தொட மாட்டேன்.” கொஞ்ச தூரம் போனவர் திரும்பி, “இந்த வார்டுல புத்து கொல்றதுக்கு முந்திப் பட்டினி கொன்னுருதுய்யா” என்றார்.

அவர் சொன்னதை நான் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொண்டையில் புற்று. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். பால் சளி, மோர் குளிர்ச்சி, முட்டை சூடு, பயறு வாய்வு. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் வெந்நீர்தான். வெந்நீரைக் குடித்துக் குடித்தே அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். உங்களை அப்படி விடுவதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டி, பாசிப்பயறும் நொய்யும் போட்டுக் கஞ்சி காய்ச்சிப் பாலை ஊற்றிக் கொண்டுவருவேன். நீங்கள், “வச்சிட்டுப் போ மாப்ள, ஆறட்டும்” என்பீர்கள். திரும்பி வந்தால் கும்பா காலியாக இருக்கும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆனால் கும்பா காலியாக ஆக, நீங்களும் கரைந்துகொண்டே போனீர்கள். குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நர்சு ஒருத்தி இருந்தாளே, அவள்தான் என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் மலையாளத் தமிழில் சொன்னாள்: “கஞ்சி இவரு கழிக்கில்லா. காணான் வருந்ந ஆளுக்குக் குடுக்கும்.” நீங்கள் குடிப்பதே இல்லையாம், பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்களாம். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், உங்கள் கட்டில் ஓரத்தில் அனுமந்தன்பட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்து என் பயத்தங்கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியடுப்பு வைத்து ஓட்டிய பஸ்ஸில் வந்த புகை மூக்கெல்லாம் அப்பியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததும், “ஓங்க மச்சான்தேன் குடிக்கச் சொன்னாக” என்று கும்பாவைக் கீழே வைத்தார்.

உங்களிடம் கேட்டேன். “கரியத் தின்னுட்டு வந்திருக்கான், வெறும் வயித்தோட அனுப்பவா?” என்றீர்கள்.

“நீங்க?”

“எனக்குப் பசிக்கல.”

உங்கள் வீட்டில் கை நனைக்காமல் எவனும் படியிறங்கியதில்லை. வந்தவன் இலையை மடக்கிய பிறகுதான் உங்களுக்கு இலை போடுவார்கள். அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றாகவே சத்தம் போட்டேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் போகாமல் நிற்பது தெரிந்துதானோ என்னவோ, சுவரைப் பார்த்தே பேசினீர்கள்.

“வாயில வச்சா நிக்க மாட்டேங்குது மாப்ள. இந்தப் பக்கமா வழிஞ்சு நெஞ்செல்லாம் நனைஞ்சு போகுது. நாலு பேருக்குச் சோறு போட்டவன் நாலு பேரு முன்னாடி வடிச்சுக்கிட்டு உக்காரணுமா? போ, போயி ஒஞ் சோலியப் பாரு.”

அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து அந்தி வரைக்கும் உங்களைச் சுற்றி ஆள் இருந்தது. அத்தனை பேரும் பாசத்தால் வந்தவர்கள். அந்தப் பாசம் நகர்ந்தால்தான் உங்கள் வாய் திறக்கும். அது நகரவே இல்லை.

மறுநாள் வார்டு வாசலில் குறுக்கே நின்றேன். “தூங்குறாக”, “கட்டுக் கட்டுறாக” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சித்தப்பா முறை, மாமன் முறை, யாரையும் விடவில்லை. கொஞ்ச நாளிலேயே பள்ளத்தாக்கு முழுக்க என் பெயர் நாறிவிட்டது. சாகக் கிடக்கிற ஆளிடம் சொத்தை எழுதி வாங்குகிறான் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அதைத் துடைத்துப் போட்டுவிட்டேன். ஆனால் உங்களுக்கே சேதி எட்டிவிட்டது. “வந்தவுகள வாசல்ல நிறுத்துறியாமே. அப்பேர்ப்பட்ட கஞ்சி எனக்கு வேணாம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டீர்கள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் உத்தமபாளையத்து ராவுத்தர் மாமா. உங்கள் நெல்லை வாங்குகிறவர், இளவட்டத்திலிருந்தே உங்கள் கூட்டாளி. அவரையும் வாசலில்தான் நிறுத்தினேன். கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “அப்ப நீ உள்ள இரு மாப்ள, நான் வெளிய இருக்கேன்” என்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காப்பிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற உங்கள் ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் காப்பியும் பன்னும் வாங்கிக் கொடுத்து, “அவுக ஏற்பாடுதேன் இது” என்று சொல்லி அப்படியே ஏற்றி அனுப்பினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்று உங்களைக் கூப்பிட்டார். “வந்தவுக எல்லாரும் கை நனைச்சிட்டுத்தேன் போறாக. இனி நீ குடிடா!”  நீங்கள் பல்லைக் கடிப்பதை விட்டீர்கள்.

அந்த வாரம்தான் அக்கா வந்தாள். அவளை நிறுத்த நான் யார்? உள்ளே வந்து பார்த்ததும் அழுதாள், நீங்கள் கையிலிருந்த கும்பாவைக் கீழே வைத்தீர்கள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கும்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னை வெளியே இழுத்து வந்து, முந்தானையில் முடிந்திருந்த சங்கை அவிழ்த்துக் கொடுத்தாள். “எம் முன்னாடி அவுக குடிக்க மாட்டாகலே. இத வச்சு நீ குடு. நான் அடுப்படியில கெடக்கேன்.” சொன்னபடியே கொட்டகையில் கிடந்தாள். பயற்றை வறுத்து, திரித்து, முட்டையை அடித்துக் கலந்து, துணியில் வடித்து அனுப்புவாள். அது உங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது என்று நான் வந்து சொன்ன பிறகுதான் உங்களைப் பார்க்க வருவாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து உங்களுக்குப் பரிமாறியவள், நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்காமலே உங்களைப் பிழைக்க வைத்தாள். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது சொல்லிவிட்டேன்.

சங்கைக் கண்டதும் நீங்கள் தட்டிவிட்டீர்கள். “நான் என்ன பச்சப் புள்ளயாலே?” நான் அதை எடுத்துக் கழுவி உங்கள் கையில் வைத்தேன். எனக்கும் ஒரு கும்பாக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, கட்டிலின் மறு ஓரத்தில் உங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தேன். பின்னால் சத்தமே இல்லை. வேண்டுமென்றே உறிஞ்சிக் குடித்தேன்.

“மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி குடிக்கிறியே மாப்ள” என்றீர்கள்.

“நீங்க குடிக்கிறத நான் பாக்கல. நான் குடிக்கிறத நீங்க ஏன் பாக்குறீக?”

சிரித்தீர்கள். அப்புறம், ஒரு மடக்கு உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது. அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்களுக்குத் தெரிந்தது என் முதுகு மட்டும்தான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் சுவரிடம் நாற்று, வாய்க்கால் தண்ணீர், மாட்டுக்கு வந்த கோமாரி என்று பேசிக்கொண்டிருப்பேன். நீங்கள் தலையை நல்ல பக்கமாகச் சாய்த்து, சங்கு சங்காக ஊற்றிக்கொண்டு, நடுநடுவே என்னைத் திட்டுவீர்கள். பொங்கலுக்கு முன்னால் டாக்டர் வந்து மேல்கையைப் பிடித்துப் பார்த்தார். “ம்” என்றார். அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை கும்பா!

கன்னத்தை வெட்டி இழுத்துத் தைத்தார்கள். பிழைத்து ஊர் வந்தீர்கள். அந்த வருஷ அறுப்புச் சாப்பாட்டுக்கு ஊரே பந்தியில் இருக்க, எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டு நீங்களும் வந்து உட்கார்ந்தீர்கள். மடியிலிருந்து சங்கை எடுத்தீர்கள். பந்தி முழுக்கத் தலை குனிந்து இலையைப் பார்த்தது. வடிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “என்னப்பா, இலையில என்ன எழுத்தா இருக்கு? சாப்பிடுங்க” என்றீர்கள். ராவுத்தர் மாமா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

அப்புறமும் சில வெள்ளாமை பார்த்தீர்கள். பிறகு புற்று கழுத்தில் வந்தது. அதற்கு மருந்து இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் போனீர்கள். ஆனால் பசியோடு போகவில்லை. அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் தேறுவதில்லை.

இன்று காலை அக்காதான் பேரனை மடியில் போட்டுப் பால் ஊட்டினாள். உங்கள் பெயரைத்தான் வைக்கப் போகிறோம். சுற்றிலும் பெண்கள் கூட்டம். இரண்டு சங்கு உள்ளே போனது, மூன்றாவது கடைவாய் ஓரமாக வழிந்து நெஞ்செல்லாம் நனைந்தது. “ஆத்தாடி, வழியிற அழகப் பாரு!” என்று ஒருத்தி துடைத்து முத்தமிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“ஏன்லே, நீ மட்டும் செவத்தப் பாத்து உக்காந்திருக்க?” என்று அக்கா கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. “குடிச்சு முடிக்கட்டும்” என்றேன்.

அக்கா கையிலிருந்த சங்கைப் பார்த்தாள். “எல்லாம் வெளிய போங்கடி” என்றாள்.