அப்பாவுக்குக் கிடைத்த விடுப்பு

சின்னக்கானல்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள சதீஷ் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை மாரிச்செல்வி எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல், எதையும் கூட்டாமல், உள்ளது உள்ளபடி எழுதுவேன். இனி வருவதெல்லாம் அம்மாவின் வார்த்தை.

என் ராசா சதீசு, நாங்கள் இங்கே இருக்கிறோம், நீ பெங்களூரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா. சுகம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதச் சொன்னேன். மழை விட்டுவிட்டது, என் முட்டிவலி விடவில்லை, மேட்டு லயத்துச் செபமாலையம்மாள் தைலம் கொடுத்திருக்கிறாள். நீ போன் பண்ணும்போதெல்லாம் அக்கா ஆபீசுக்குப் போயிருக்கிறாள் என்றேன் அல்லவா, அது பொய். கற்பகத்தை எஸ்டேட் ஆபீசிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து உன் கம்பெனி வேலையை எனக்கு விளங்கச் சொன்னாயே. கம்ப்யூட்டருக்குள் இல்லாத ஆபீசரை இருப்பதுபோல உண்டாக்குவோம், அவர் பேரில் தபால் பெட்டியும் கடிதங்களும் வைப்போம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதைத் தொடும் தேவையே வராது, தொட்டால் அவன் கள்ளன், உடனே மணி அடித்துவிடும் என்றாய். ஏலே, எலிப்பொறியில கருவாடு வைக்கதுக்கா ஒனக்கு இம்புட்டுச் சம்பளம் என்று நான் கேட்டதற்குப் புரையேறச் சிரித்தாய். கற்பகமும் சிரித்தாள். நம்ம எஸ்டேட் கம்பெனிக்கும் நீங்கள்தான் பொறி வைத்தீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூடாத தொழில் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பொறியில் அப்பா பேரை வைத்துவிட்டாயே, ஐயா.

சம்பளக் கணக்குக்காக ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையோ தேடும்போது கற்பகத்தின் கண்ணில் எஸ். பொன்ராஜ், பீல்டு ஆபீசர் என்று பட்டிருக்கிறது. சாகும்வரை தேயிலைக்கு மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் சுமந்த மனுசனின் பேர். அந்தப் பெட்டியைத் திறந்தால், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிறார்கள், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போய் வாருங்கள் பொன்ராஜ் சார் என்று மேலேயிருந்து பதில். இவள் பேச்சுப் போட்டியில் ஜெயித்தபோது அப்பா லீவு கேட்டுக் கங்காணி விரட்டியதும், மருந்து நாற்றத்தோடு வந்து அந்தக் கப்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததும் நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது. எழுதியது தம்பிதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் மூட முடியாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். அப்பாவ நேர்ல பாத்த மாதிரி இருந்திச்சும்மா, எப்பிடி மூடுவேன் என்கிறாள்.

மணி அடித்துவிட்டது. தெரியாமக் கை பட்டுட்டு சார் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். கை பட்டவ இம்புட்டு நேரம் உக்காந்து படிப்பாளா, யாருக்கு வேவு பாத்த என்று கேட்டார்களாம். அது எங்க அப்பா பேரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பேர் எப்படி உள்ளே வந்தது என்று உன்னைப் பிடிப்பார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். நான் கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு எஸ்டேட் கொடுத்த இந்த லய வீடு அவள் வேலையை நம்பித்தான் நம்மிடம் இருக்கிறது, மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குழாயடியில் ராக்கப்பன் பெண்டாட்டி, கம்ப்யூட்டர் கள்ளி வாரா, கொடத்தப் பாத்துக்கிடுங்க என்று சொல்ல, இவள் தண்ணீர் பிடிக்காமல் திரும்பி வந்தாள்.

தம்பிக்குச் சொன்னியன்னா ஒங்கூடப் பேசவே மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதை இன்று உடைக்கிறேன். உன் வேலை போகட்டும் என்று எப்படிச் சொல்வேன், அவளைக் கள்ளி என்று எப்படி விடுவேன். செய்ய வேண்டியதை நீ யோசி. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஆசையாகத்தான் அவருக்கு நாற்காலி போட்டாய். பெத்த பிள்ளை தொட்டாலும் மணியடிக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டாம், எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நம்ம குலசாமி மாடசாமி உனக்குத் துணையிருப்பார், நீ நன்றாக இருப்பாய். கார்த்திகையில் அப்பா திதி வருகிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு, உன் அம்மா,
பொ. அழகுத்தாய்

அண்ணா, இது மாரிச்செல்வி, காலையில் எழுதுகிறேன். உள்ளதை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுத வேண்டும். நேற்று அம்மா சொல்லி முடிக்கும்வரை அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள், நிறுத்து என்று சொல்லவில்லை. அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எழுந்து லைட்டை அணைத்துவிட்டாள்.