உறைபனிக்குத் திறந்து போட்ட வீடு

ஜூன் 8, சனி

பிரிஹிதா அண்ணி போன் பண்ணினாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பூப்போல அல்லவா பேசினாள்! “பள்ளிக்கூட லீவுக்கு நெலியைக் கூட்டிட்டு வர்றேன் பௌலினா. அவ உடம்புல ஒரு கடி பாத்தேன்னு வை, அடுத்த பஸ்லயே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அவ என்கிட்டயே வளரட்டும்.”

என் பெண்ணைப் பற்றி என்னிடமே இப்படிப் பேசுகிறாள். நானும் “சரிங்க அண்ணி” என்றேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் புருஷன் மெலிதோன், சந்தையிலிருந்து ஒரு புட்டி பூச்சிமருந்து வாங்கி வந்து வீடு முழுக்க அடித்தார். தெள்ளுப்பூச்சி என்னவோ செத்தது. ஒரு வாரத்துக்குத்தான். ஆனால் நெலிக்கு மூச்சு இழுத்து உதடு நீலமாகி, குஸ்கோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இனி இந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மருந்து கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குஸ்கோவில் இருப்பது இந்த அண்ணிதான், இவருடைய அக்கா. குழந்தை இல்லாதவள். “வீடு சரியாகட்டும், அதுவரை என்கிட்ட இருக்கட்டும்” என்றாள். வீடு இன்னும் சரியாகவில்லை. அடுத்த மழையும் வந்து போய்விட்டது.

ஜூன் 12, புதன்

மேட்டுக்குப் போய், தெள்ளுக்கு ஆகாத முன்யாத் தழை அறுத்து வந்தேன், முதுகு கொள்ளாத கட்டு. பாதியைக் கொதிக்க வைத்துத் தரையில் தெளித்தேன். மீதியைப் படுக்கைக்கு அடியில் பரப்பினேன். அந்தப் புதினா வாடையில் பகலிலேயே கண் சொக்கிவிட்டது. கனவில் நெலி அடுப்பு ஓரம் குந்தி, எங்கள் குய்களுக்கு, அடுப்படிக் கினிப்பன்றிகளுக்கு, புல் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னல் அவிழ்ந்திருந்தது. கட்டிவிடலாம் என்று கை நீட்டினேன், முழித்துவிட்டேன்.

சாயங்காலம் வெள்ளைக் கம்பளிக் காலுறை போட்டு அடுப்படியைச் சுற்றி நடந்து பார்த்தேன். மிளகைத் தூவிய மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறுகின்றன, சனியன்கள்.

ஜூன் 15, சனி

யோசித்துப் பார்த்தால் எல்லாம் இந்தக் குய்களால்தான். அடுப்படிக் கதகதப்பில் இருபது உருப்படி, கீச்சு கீச்சென்று குறுக்கே ஓடிக்கொண்டு, ரோமம் முழுக்கத் தெள்ளு. அதுகள் வெளியே போனால் தெள்ளும் போய்விடும் இல்லையா? மெலிதோன் பின்சுவரை ஒட்டி ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு எவ்வளவு மூளை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

கடிக்குது. கடிக்குது. கடிக்குது.

ஜூன் 19, புதன்

பக்கத்து வீட்டு சத்துர்னினா அக்கா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடியே கிறுக்கி! அதுங்க சாப்பாட்டைத் தூக்கி வெளிய வச்சிட்டியே! பசிச்சா எங்க போகும்? இப்ப நீதாண்டி சாப்பாடு! உன் புருஷன் எலும்பும் தோலுமா இருக்காரு, அவரை விட்டுட்டு உன்கிட்ட வந்திருக்கு, பாரு!”

நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன்.

ராத்திரிச் சாப்பாட்டின் போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “அந்த மருந்தை ஒரே ஒரு தடவை, லேசா அடிச்சா என்ன? அவ வர்றதுக்குள்ள வாடை போயிடும்.” எனக்கு வந்ததே ஆத்திரம்! “அவ உதடு நீலமானதை நீங்களும் பார்த்தீங்கள்ல? அந்தப் புட்டி இந்த வாசப்படி ஏறுச்சு, நான் இறங்கிடுவேன்!” என்று கத்திவிட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். பாவம், அவருக்கும் பெண்தானே. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 20, வியாழன்

நேற்று ராத்திரியே குய்களைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வந்ததும் மகாராணி மாதிரி பழைய மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. இனி தினமும் காலையில் இதே வேலைதான்: அதுகள் படுத்த புல்லைத் தெள்ளோடு வாரி அடுப்பில் போடுகிறேன். படபடவென்று வெடிக்கிறது. கேட்கக் கேட்க இனிக்கிறது, என்ன செய்ய.

ஜூன் 22, சனி

குறைகிறது. ஆனால் ஒழியவில்லை. லீவு வந்துவிடும்.

இன்று மேட்டில் உருளைக்கிழங்கு பரப்பினோம், இந்தக் குளிர் மாசத்து ராத்திரி உறைபனியில் காய. சின்னச் சின்னக் கிழங்குகள், சரிவு முழுக்க. வெயில் முகத்தில் இதமாக இருந்தது. என்ன நினைக்கிறேன் என்று தெரியாமலே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாலு ராத்திரி இந்தப் பனியில் கிடந்தால் கிழங்கே உள்ளே வரை கல்லாகிவிடும். மிதித்தால் தண்ணீரெல்லாம் வடிந்துவிடும். கிழங்குக்கே இந்தக் கதி என்றால், தக்கனூண்டு தெள்ளு என்ன ஆகும்?

கையில் இருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். “என்னடி, பேய் அறைஞ்சுதா?” என்றார் இவர்.

கம்பளி, ஆட்டுத்தோல், மெத்தை எல்லாம் கிழங்கு பக்கத்திலேயே விரிக்கலாம். வீட்டை?

வீட்டையும் விரித்துவிட்டால் என்ன?

ஜூன் 24, திங்கள்

செய்துவிட்டோம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. படுக்கை மேலே இருந்த கூரைத் தகரத்தை இவர் கழற்றிவிட்டார். அடுப்பை அணைத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அணைந்ததே இல்லை, மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குய்களைச் சீப்பால் வாரி, சாம்பல் தேய்த்து, சத்துர்னினா அக்கா வீட்டில் விட்டேன். “ஒரு தெள்ளு இங்க இறங்குச்சு, உன்னையும் சேர்த்துக் குழம்பு வச்சிடுவேன்” என்றாள்.

ஊரே சிரிக்கிறது. இவர் கூரை மேலே நின்றுகொண்டு, “ஊருல அத்தனை பேரும் குளிரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறாங்க, எம்பொண்டாட்டி வா வான்னு கொக்கா இலை வச்சு அழைக்கிறா!” என்று கத்தினார். விருந்தாளிக்குத்தான் எங்கள் ஊரில் கொக்கா இலை கொடுப்போம். கேலிதான். ஆனால் ஆணியைப் பிடுங்கியது அவர்தான்.

ஜூன் 27, வியாழன்

கிழங்குக் காவல் குடிசையில் படுக்கிறோம். விடியும்போது எழுந்து வெளியே வந்தால் சரிவு முழுக்க வெள்ளை. கிழங்கும் கம்பளியும் ஒரே நிறம். சிவப்புப் போர்வை எது, என் கல்யாணத் துப்பட்டி எது என்று தெரியவில்லை. கீழே எங்கள் வீடு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது, புகை இல்லை. அந்த வீட்டில் இன்னும் யாரும் குடிவரவில்லை, நான் இன்னும் கல்யாணமாகாதவள், நெலி இனிமேல்தான் பிறக்கப் போகிறாள் என்று கொஞ்ச நேரம் தோன்றியது. சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் கால் மரத்தது, இவர் தேநீருக்குக் கூப்பிட்டார்.

ஜூலை 3, புதன்

தகரத்தை மாட்டியாயிற்று. செம்மண்ணும் சாம்பலும் குழைத்துத் தரை வெடிப்பு, சுவர் ஓட்டை ஒன்று விடாமல் பூசினேன். குய்கள் இனி வெளிக்கூண்டில்தான். இடுப்பு விட்டுப் போச்சு.

ஜூலை 9, செவ்வாய்

வெள்ளைக் காலுறை. ஒன்றும் இல்லை.

ஜூலை 10, புதன்

இன்றும் இல்லை. மூலையில் நின்று குதித்துக்கூடப் பார்த்தேன்.

ஜூலை 27, சனி

வந்துவிட்டார்கள்.

எவ்வளவு உயரமாகிவிட்டாள்! என் தோளுக்கு வருகிறாள். காலில் நகரத்துச் சப்பாத்து. “எப்படிம்மா இருக்கீங்க?” என்று விருந்தாளி மாதிரி கேட்டாள். தண்ணீர் வேண்டும் என்றால் “அத்தே.” குளிர்கிறது என்றால் “அத்தே.” நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன், ராசாத்தி.

அண்ணி சுவரைத் தடவிப் பார்த்தாள், ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தாள். ராத்திரி பிள்ளை நடுவில், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் படுத்தோம்.

ஜூலை 28, ஞாயிறு

நான் எழுந்தபோது அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். நெலியின் கால், கை, கழுத்து எல்லாம் பார்த்தோம். சுத்தம்! ஒரு புள்ளி இல்லை. எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. “நாளைக்கும் பாத்துடலாம்” என்றாள் அண்ணி.

ஆகஸ்ட் 2, வெள்ளி

“நாளைக்கும்” என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ஆகப் போகிறது. நெலி சப்பாத்தைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டாள். லாமாக் குட்டி பின்னால் மேடு வரை ஓடினாள். மூச்சு இழுக்கவில்லை. எனக்குத்தான் பார்த்து மூச்சு நின்றது.

ஆகஸ்ட் 5, திங்கள்

“அம்மா, பின்னிவிடு” என்றாள். அத்தே இல்லை. அம்மா. “விடுங்க” இல்லை. விடு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நெலி இங்கேயே படிக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அண்ணியைப் பஸ் ஏற்ற நான் மட்டும் போனேன். பிள்ளை வந்தால் தன்னால் ஏற முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

பஸ் வர நேரமானது. அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “தினம் காலைல விரிப்பை உதறினேன்ல பௌலினா. நல்லா இருக்கணும்னு உதறலடி. ஒரே ஒரு தெள்ளாவது விழாதான்னுதான் உதறினேன்.”

நான் இத்தனை நாள் அவளைத் திட்டாத நாள் இல்லை. மூட்டையை வாங்கி மேலே ஏற்றினேன். “விதைப்புக்கு வந்துடுங்க அண்ணி” என்றேன். தலையை ஆட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் நெலி கேட்டாள், “அத்தே இன்னைக்குத் தனியாவா படுப்பாங்க?”

போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் வெளியே வந்து குய்களுக்குப் புல் போட்டேன். ரொம்ப நேரம் பேசினார்கள். போதும் என்று நான் கூப்பிடவில்லை.